தஞ்சை மாவட்டத்தின் முதல் மாணவர்

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்தது எங்கள் கும்பகோணம். கோயில்களுக்கும் வெற்றிலைக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் பெயர் பெற்றது என்று வெளியூரார் சொல்லுவர். எங்களைக் கேட்டால் முதலில் இன்னொரு பெயரைத்தான் சொல்லுவோம். அது கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் பெயர்.

ஆண்டு விழா வந்தால் எங்கள் பள்ளியில் பரிசுகள் வழங்கப்பெறும். பெயர் வாசிக்க வாசிக்க நாங்கள் கை சிவக்கத் தட்டுவோம். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. ஆயினும் என்ன? தேர்வு முடிவு வந்த அன்று மாலைக்குள் யார் எத்தனை மதிப்பெண் என்பது தெரு முழுவதும் தெரிந்துவிடும்! இவ்வாண்டு பொதுத்தேர்வு எழுதவிருக்கும் நாங்கள், 1897-இல் எங்கள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த ஒரு சிறுவரின் வரலாற்றை எழுத முன்வந்தோம். முதலாவதாக வந்தது மட்டுமே எங்களுக்கு முன்பு தெரியும். அதற்குப் பின் நடந்தவற்றைப் படித்தபோதுதான் எங்களுக்குள் வாதம் எழுந்தது.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதி வந்தார். மாதச் சம்பளம் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். அதில் வரும் சிறு தொகையும் வீட்டுச் செலவுக்கு உதவிற்று. சாரங்கபாணி கோயிலுக்குப் போகும் சந்நிதித் தெருவில் அவர்கள் வீடு. இரண்டு வயதில் குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் அந்நோய்க்குப் பலர் பலியான காலம் அது. குழந்தை பிழைத்துக்கொண்டது, தழும்புகள் மட்டும் முகத்தில் தங்கிவிட்டன.

பள்ளிக்கூடம் என்றால் முதலில் அவருக்கும் ஆகவில்லை என்று அறிந்து எங்களுக்குச் சற்று ஆறுதல். சிறிது காலம் சென்னையில் சேர்த்துப் பார்த்தார்கள். வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தவரைப் பள்ளியில் இருத்துவதற்குக் காவலர் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததாம்! சில மாதங்களிலேயே கும்பகோணத்துக்குத் திரும்பி, காங்கேயன் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார்.

1897 நவம்பரில் தொடக்கப் பள்ளித் தேர்வு நடந்தது. ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகிய பாடங்கள். பத்து வயதுகூட நிரம்பாத இராமானுஜன் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அதன் பயனாக, நகர உயர்நிலைப் பள்ளியில் அரைச் சம்பளத்தில் படிக்கும் சலுகை கிடைத்தது. அந்நாளில் பள்ளிக்குக் கட்டும் பணத்தையும் சம்பளம் என்றே சொல்வார்கள் என்று எங்கள் பாட்டிமார்கள் விளக்கினார்கள். இந்த அரைச் சம்பளத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்கள் வகுப்பிலும் உதவித்தொகை பெற்றுப் படிப்பவர்கள் இருக்கிறோம். அதை வெளியில் சொல்லக் கூசுவதும் உண்டு. ஊரே பெருமை பேசும் ஒருவர் அப்படிப் படித்தவர்தாம் என்பது எங்களுக்கு இதுவரை தெரியாது.

ஊரார் டவுன் ஹைஸ்கூல் என்றழைக்கும் அப்பள்ளியில் அவர் ஆறாண்டுகள் பயின்றார். அவருடைய வாழ்வில் மகிழ்ச்சி மிகுந்த ஆண்டுகள் அவைதாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று அவர் எழுந்து கேட்டதாகச் சொல்வார்கள். வீட்டில் செலவைச் சமாளிக்கக் கல்லூரி மாணவர்கள் இருவருக்கு இடம் கொடுத்து உணவளித்து வந்தனர். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் இந்தப் பொடியர் சில மாதங்களில் கற்றுத் தீர்த்துவிட்டார். அவர்கள் கொண்டுவந்து தந்த லோனி என்பவரின் திரிகோண கணித நூலையும் 13 வயதுக்குள் முடித்தார். பள்ளியிலோ, மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் ஆண்டுதோறும் கால அட்டவணை போடும் வேலையை இவரிடமே ஒப்படைத்தார். சுமார் 1200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள்! எங்கள் பள்ளியில் அந்த வேலை நடக்கும் வாரத்தில் ஆசிரியர் அறைப்பக்கம் போகவே நாங்கள் அஞ்சுவோம்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. கணக்கில் பிறர் முந்துவதை அவரால் தாங்க இயலாது. ஒரு தேர்வில் 45-க்கு அவர் 42 வாங்கினார். உடன் படித்த நண்பர் 43 வாங்கிவிட்டார். மற்றப் பாடங்களில் அந்நண்பர்தாமே எப்போதும் முன்னே நிற்பவர், இதில் என்ன என்று எடுத்துச் சொல்லியும் இராமானுஜன் சமாதானம் ஆகவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார். ஒரு மதிப்பெண்ணுக்காக அழுகின்றவர்கள் எங்கள் வகுப்பிலும் உண்டு. பெயரைச் சொல்லமாட்டோம்.

இன்னொரு நிகழ்ச்சி எங்கள் மனத்தைத் தொட்டது. திரிகோண கணிதத்தில் சில உண்மைகளை அவர் தாமே கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார். அவற்றை ஆய்லர் என்னும் கணித அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார் என்று பின்னர் தெரியவந்தது. இராமானுஜன் வெட்கம் தாளாமல் அந்தக் காகிதங்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டார். யாருடைய துணையுமின்றிப் பள்ளி மாணவர் ஒருவர் ஆய்லரை எட்டிப் பிடித்தது எத்துணை பெரிய செயல்! அதை அவருக்கு எடுத்துச் சொல்லி முதுகில் தட்டிக் கொடுப்பார் அப்போது அருகில் எவரும் இல்லை.

1904-ஆம் ஆண்டு பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி அய்யர் அவரை மேடையில் அறிமுகம் செய்துவைத்தார். இம்மாணவருக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்பது அவருடைய பேச்சின் கருத்து. மாணவரும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் அன்று எவ்வளவு கைதட்டல் எழுந்திருக்கும்! அந்தக் கல்வியாண்டை முடித்து, உதவித்தொகையும் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி அது.

வீழ்ச்சி தொடங்கியதும் அங்கேதான்.

அதற்கு முந்திய ஆண்டே கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் இரவலாக அவர் கைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ 5000 தேற்றங்கள் அதில் உள்ளன. அவை எப்படி வந்தன என்ற விளக்கம் மிகக் குறைவு. வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் தூக்கம் வரவழைக்கும் புத்தகம். இராமானுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அதன் பின் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. சரித்திர வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்குக் கல்லூரிச் சம்பளம் 32 ரூபாய். அவர் தந்தையாரின் ஒன்றரை மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் 30 ரூபாய்தான் ஆகும். கணிதம் வேண்டாம், இந்தக் கணக்கு எங்களுக்கே வருகிறது.

1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிப் போய்விட்டார். பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினர். திரும்பி வந்ததும் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் எஃப்.ஏ. படித்தார். மூன்று மணி நேரக் கணிதத் தாளை அரை மணியில் முடித்துவிடுவார். உடலியல் தாளிலோ பத்து மதிப்பெண் எட்டாது. 1906-இல் தோல்வி. 1907-இல் மறுபடியும் தோல்வி.

எங்களுக்குள் வாதம் எழுந்தது இவ்விடத்தில்தான் என்று சொன்னோம் அல்லவா? பாடத்தைப் படித்தே ஆகவேண்டும், எத்துணை பெரிய மேதையானாலும் உடலியலைத் திறந்து பாராமல் போனது தவறு என்றனர் சிலர். பத்து மதிப்பெண்ணை வைத்து இத்தகையவரை வெளியே அனுப்பிய தேர்வுமுறைதான் தவறு என்றனர் வேறு சிலர். எங்களுள் ஒருத்தி மட்டும் வேறொன்று கேட்டாள். 1904-இல் கைதட்டிய அத்தனை பேரும் 1907-இல் எங்கே போனார்கள் என்றாள். அவள் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறாதவள். எங்களால் அவளுக்குச் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. மேலும் படித்தபோது ஓரளவு விடை கிடைத்தது.

பட்டமில்லை, வேலையில்லை. காகிதம் வாங்க வழியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அழித்து அழித்து முழங்கை கறுத்துக் காய்த்துவிட்டது. 1909-இல் பத்து வயதுச் சிறுமியான ஜானகியை அவருக்கு மணம் செய்துவைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்ததால் வேலை தேடிப் புறப்பட்டார். கையில் சான்றிதழ் ஏதுமில்லை. அந்த நோட்டுப்புத்தகங்கள்தாம் இருந்தன.

1910-இல் திருக்கோயிலூரில் டெப்டி கலெக்டராக இருந்த இராமசுவாமி அய்யரிடம் சென்று, ஓர் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவரைத் தாலுகாக் கச்சேரியில் கடைநிலை வேலைக்கு அமர்த்தினால் இந்த அறிவு அவிந்துபோகுமே என்று அஞ்சி, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் கும்பகோணத்துப் பழைய ஆசிரியர் சேஷு அய்யர் அவரைச் சந்தித்தார். அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. கலெக்டர் முதலில் நம்பவில்லையாம். கணக்குகளைக் கேட்கக் கேட்க நம்பிக்கை வந்து, மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே அளித்தார். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராயிருந்த நாராயண அய்யரும் கணிதத்தில் தேர்ந்தவர். இரவில் வீட்டில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்ந்து கணக்குப் போடுவர்.

டெப்டி கலெக்டர், கல்லூரி ஆசிரியர், கலெக்டர், தலைமைக் கணக்கர். இவர்களில் எவரும் எஃப்.ஏ. மதிப்பெண்ணைப் பெரிதாக எண்ணவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவே. கைதட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்ட தோழியிடம் இந்த நால்வரைக் காட்டினோம். நால்வர்தானா என்றாள்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்துடன் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் சென்றன. பின் நடந்தவை உலகறிந்தவை. எஃப்.ஏ.யும் தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. 1914 மார்ச்சு 17-இல் கப்பலேறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெல்லோ என்னும் சிறப்பு. டிரினிட்டியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜில் தோற்றவர் உண்மையான கேம்பிரிட்ஜில் வென்றார்! வாடகை வண்டியின் எண் 1729 பற்றிய கதையை எல்லாரும் அறிவர் என்பதால் விரிக்கவில்லை. 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும் கூட்டிச் சரிபார்த்தோம், சரியாகவே வருகிறது.

போர்க்காலம், கடுங்குளிர், தாமே சமைத்து உண்ணும் மரக்கறி உணவு. 1917-இல் நோய்வாய்ப்பட்டார். மருத்துவமனைகளிலேயே நாள்கள் கழிந்தன. அவர் தாயகம் திரும்பவிருந்தபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவித்தொகை தர முன்வந்தது. 1919 ஜனவரியில் அதற்கு அவர் எழுதிய பதிலை நாங்கள் இருமுறை வாசித்தோம். அத்தொகை தமக்குத் தேவைக்கு மேல் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் அவசியச் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றார். ஏழைச் சிறுவரும் அனாதைகளும் கட்டும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் அது பயன்படவேண்டும் என்று தெளிவாகக் குறித்திருந்தார். நகர உயர்நிலைப் பள்ளியின் அரைச் சம்பளம் அவர் நினைவை விட்டு அகலவில்லை போலும். உடல்நலம் முற்றும் கெட்டிருந்த நிலையில் எழுதிய கடிதம் அது.

1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றி மருத்துவம் பார்த்தும் உடல் தேறவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். படுத்த படுக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அக்காகிதங்கள் பல கைகள் மாறி, டிரினிட்டி நூலகத்தில் கேட்பாரின்றிக் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் கண்ணில் பட்டன.

பெண்களாகிய நாங்கள் ஜானகி அம்மையாரைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் முடிக்க மாட்டோம். கணவர் மறைந்தபோது அவருக்கு வயது 21. சேர்ந்து வாழ்ந்தது மிகக் குறைந்த காலம். பம்பாயில் சகோதரரின் இல்லத்தில் தங்கித் தையல் கற்றார். பிறகு சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறி, துணி தைத்தும் பிறருக்குத் தையல் கற்பித்தும் தம் காலில் நின்றார். தோழியின் மகனைத் தம் மகனாக வளர்த்துப் படிக்க வைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாக வாக்களித்தவர்கள் வைக்கவில்லையே என்று முதுமையில் அவர் வருந்தியது பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆஸ்கி முயற்சி எடுத்தார். பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்தனர். இராமானுஜனின் பாஸ்போர்ட்டுப் படத்தைப் பார்த்துச் சிற்பி கிரான்லண்ட் மார்பளவு வெண்கலச் சிலைகள் வார்த்தார். அவற்றுள் ஒன்று 1980-களில் அம்மையாரின் இல்லம் வந்து சேர்ந்தது. அதை நம் ஊரார் செய்திருக்கலாமே என்ற எண்ணம் எங்களுக்கு இன்னும் நீங்கவில்லை. அம்மையார் 1994-இல் மறைந்தார்.

பெருமை நம் ஊரில் தாமதமாகத்தான் வந்தது. வந்தபின் நன்றாகவே வந்தது. சந்நிதித் தெரு வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாக்கியது. 2005 முதல் இளங்கணித அறிஞர்களுக்கு அவர் பெயரால் பரிசு வழங்குகிறது. 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். எவ்வளவு சிறிய வீடு! திண்ணை, தெருவைப் பார்த்த சன்னல், அதன் அருகே ஒரு கட்டில். சன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி இருப்பது அவர் வழக்கமாம். நாங்களும் முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராய் நின்று பார்த்தோம். புறப்படும் நேரத்தில் ஒருத்தியை மட்டும் காணோம் என்று உள்ளே தேடிச் சென்றோம். அரையாண்டில் கணக்கில் தேறாத அதே தோழி நடுவே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்லர் கணக்கை ஒளித்து வைத்த இடம் எதுவாக இருக்கும் என்று தேடுகிறாளாம். நாங்களும் புறப்பாட்டை மறந்து அவளோடு சேர்ந்து தேடலானோம்.